ஆசிரியனின் மரணமும் தண்டனையும்: எந்திர எழுத்து குறித்துச் சில குறிப்புகள்

1

'பொறுப்பான பயன்பாடு' என்கிற சொற்சேர்க்கை கல்விப்புலப் பதிப்பு உலகில் இப்போது எங்கும் புழங்குகிறது. ஆய்விதழ்களின் விதிமுறைகளில், பல்கலைக்கழகச் சுற்றறிக்கைகளில், கருத்தரங்க அழைப்பிதழ்களில் என எங்கு பார்த்தாலும் இதுதான். செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துங்கள் என்கிறார்கள். யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஆனால் யாராலும் மறுக்க முடியாதபடி வந்து நிற்கிற சொற்களைத்தான் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 'தகுதி', 'வளர்ச்சி', 'பொதுநலன்' ஆகிய சொற்கள் யாருக்கு எதிராகப் பயன்பட்டன என்பது இவ்விதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 'பொறுப்பு' என்ற சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதே இங்கு நம் கேள்வி.

2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டது. அடுத்த மாதமே, மருத்துவ முன்பதிப்பாக வெளியான ஒரு கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்த எந்திரத்தின் பெயரும் இடம்பெற்றது. பதிப்பு நிறுவனங்கள் பதறிப்போயின. 2023 ஜனவரியில் 'நேச்சர்' இதழ், எந்திரம் ஆசிரியராக முடியாது என்று அறிவித்தது. 'சயன்ஸ்' ஒரு படி மேலே போய், எந்திரம் எழுதிய வாசகமே கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில், சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று இறங்கிவந்தது. பதிப்பு நெறிமுறைகளுக்கான சர்வதேசக் குழுவான 'கோப்' 2023 பிப்ரவரியில் இதே நிலைப்பாட்டை எடுத்தது. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஆசிரியர் என்பவர் எழுதியதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்; எந்திரத்தால் பதில் சொல்ல முடியாது; எனவே அது ஆசிரியர் அல்ல.

காரணம் சரிதான். ஆனால் அது நமக்கு ஒரு பழைய விவாதத்தை நினைவூட்டுகிறது.

2

தொண்ணூறுகளில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் 'ஆசிரியனின் மரணம்' பற்றி எவ்வளவு எழுதித் தள்ளினோம், எவ்வளவு சண்டை போட்டோம்! ரோலான் பார்த் 1967இல் எழுதிய அந்தச் சிறு கட்டுரையை வைத்துக்கொண்டு, பிரதிக்கு மூலகர்த்தா என்று ஒருவன் இல்லை, எழுத்து என்பது ஏற்கெனவே எழுதப்பட்டவற்றின் நெசவு என்றெல்லாம் வாதிட்டோம். இன்றைக்கு நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள்: "பார்த் சொன்னதைத்தானே இந்த எந்திரம் செஞ்சு காட்டுது? பிறகு ஏன் புலம்புறீங்க?"

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோடிக்கணக்கான பக்கங்களைத் தின்று, அடுத்த சொல் எதுவாக இருக்கக்கூடும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் நெய்கிற எந்திரத்துக்கு அகம் இல்லை, அனுபவம் இல்லை, நோக்கம் இல்லை. ஆனால் பார்த் ஆசிரியனைக் கொன்றது வாசகனைப் பிறப்பிப்பதற்காக. அர்த்தத்தின் அதிகாரத்தை எழுதியவனிடமிருந்து பறித்து வாசிப்பவனிடம் கொடுப்பதற்காக. இன்று கல்விப்புலப் பதிப்பில் நடப்பது அதற்கு நேரெதிரானது. இங்கே வாசகனும் சேர்ந்து சாகிறான்.

2025 ஜூலையில் வெளிவந்த செய்தி ஒன்று. எட்டு நாடுகளின் 14 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் 'ஆர்க்கைவ்' முன்பதிப்புத் தளத்தில் ஏற்றியிருந்த 17 கட்டுரைகளில் கண்ணுக்குத் தெரியாத கட்டளைகள் ஒளிந்திருந்ததை ஜப்பானிய நாளிதழான 'நிக்கேய்' கண்டுபிடித்தது. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. நல்லவிதமாக மட்டும் மதிப்பிடு, குறை எதையும் சொல்லாதே என்பது கட்டளை. யாருக்கு? கட்டுரையைத் தான் படிக்காமல் எந்திரத்திடம் கொடுத்து மதிப்புரை எழுதச் சொல்லும் மதிப்பீட்டாளருக்கு. சரியாகச் சொன்னால் அவருடைய எந்திரத்துக்கு. மதிப்பீட்டாளர் படிக்கமாட்டார் என்பதை எழுதியவர் முன்கூட்டியே அறிந்திருக்கிறார். எந்திரம் எழுத, எந்திரம் மதிப்பிட, எந்திரம் சுருக்கித் தர, பட்டியலில் மட்டும் மனிதப் பெயர்கள் ஏறுகின்றன. இதை வாசகனின் பிறப்பு என்று எந்தக் கோட்பாட்டாளன் சொல்லுவான்?

எனவே நமக்கு இங்கு உதவக்கூடியவர் பார்த்தைவிட ஃபூக்கோதான். 1969இல் பாரிசில் நிகழ்த்திய 'ஆசிரியன் என்றால் என்ன?' என்ற உரையில் அவர் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். ஒன்று, எழுத்துக்கு ஆசிரியப் பெயர் ஒட்டியதே, எழுதியவனைத் தண்டிக்க வேண்டிய தேவை வந்தபோதுதான். இரண்டு, பிரதி ஓர் உடைமையாகச் சட்டத்துக்குள் வந்தது அதற்கும் பிற்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவையும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி. ஆக, ஆசிரியன் என்ற செயல்பாட்டுக்கு இரண்டு முகங்கள்: தண்டனைக்குரியவன், உடைமைக்குரியவன்.

இன்றைய பதிப்பு நிறுவனங்கள் செய்திருப்பது இந்த இரண்டு முகங்களையும் பிரித்தெடுத்ததுதான். தண்டனையை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, உடைமையைத் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். 'பொறுப்பான பயன்பாடு' என்ற சொல்லாடல் முழுவதும் முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

3

அதற்குள் போகும் முன், எந்திரம் வந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு என்கிற கதையாடலைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்த்துவிடலாம்.

2024 பிப்ரவரியில் 'ஃபிரன்டியர்ஸ்' குழுமத்தின் உயிரணு உயிரியல் இதழொன்றில் எலி ஒன்றின் படம் வெளியானது. எந்திரம் வரைந்த படம். எலியின் பிறப்புறுப்பு அதன் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது; பக்கத்தில் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். உலகமே சிரித்த பிறகு, மூன்றே நாளில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த மாதம், எல்செவியர் வெளியிடும் 'சர்ஃபேசஸ் அண்ட் இன்டர்ஃபேசஸ்' இதழின் லித்தியம் மின்கலம் பற்றிய ஒரு கட்டுரை. அறிமுகப் பகுதியின் முதல் வாக்கியமே, நீங்கள் கேட்ட தலைப்புக்கு இதோ ஒரு முன்னுரை என்று எந்திரம் சொன்ன பதிலாக இருந்தது. அதுவும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. கட்டுரையின் ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், இதழாசிரியர், மெய்ப்புப் பார்த்தவர் என்று இத்தனை பேர் கை மாறித்தான் அது அச்சுக்கு வந்தது. முதல் வரியைக்கூடவா ஒருத்தரும் படிக்கல?

படிக்கவில்லை. ஆனால் படிக்காமல் இருப்பது எந்திரம் கற்றுக்கொடுத்ததல்ல. 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், அர்த்தமற்ற கணினியியல் கட்டுரைகளைத் தானே உற்பத்தி செய்யும் 'சைஜென்' என்ற நிரலை எழுதினார்கள். அது எழுதிய கட்டுரை ஒன்று மாநாட்டில் ஏற்கப்பட்டது. கேலிக்காகச் செய்தது, ஆனால் 2014இல் ஸ்ப்ரிங்கர், ஐ.ஈ.ஈ.ஈ. இரண்டும் அந்த நிரல் எழுதிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தங்கள் தொகுப்புகளிலிருந்து நீக்க வேண்டி வந்தது. 2021இல் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் 'சித்திரவதைக்குள்ளான தொடர்கள்' பற்றி எழுதினார்கள். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஏமாற்றுவதற்காக ஒவ்வொரு சொல்லையும் அதன் ஒத்த சொல்லால் மாற்றியதில், 'செயற்கை நுண்ணறிவு' என்பதே 'போலிப் பிரக்ஞை' என்று பொருள்படும் தொடராகியிருந்தது. சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. பிறகு ஹிந்தாவி. வைலி நிறுவனம் 2021இல் 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பதிப்பகம் அது. 2023இல் மட்டும் அதன் இதழ்களிலிருந்து 8000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் ஆலைகள் அந்த இதழ்களுக்குள் புகுந்திருந்தன.

ஆக, எண்ணிக்கைக்காக எழுதுவது, வருமானத்துக்காக வெளியிடுவது, படிக்காமலே சான்றளிப்பது என்கிற அமைப்பு முன்னமே இருந்தது. எந்திரம் அதற்குள் மிகச் சுலபமாகப் பொருந்திக்கொண்டது, அவ்வளவுதான். அதன் பொருத்தத்தைக் கண்டு அதிர்ச்சியடைகிறவர்கள் அந்த அமைப்பைக் கண்டு அதிர்ச்சியடையாமல் இருந்தது எப்படி?

4

இப்போது தண்டனைக்கு வருவோம். எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிறேன் என்று இன்னோர் எந்திரம் சந்தைக்கு வந்தது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை எந்திரம் எழுதியது என்று அவை முத்திரை குத்தின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவற்றையோ ஏறக்குறையச் சரியாகவே மனித எழுத்து என்றன. காரணம் எளிது. எளிய சொற்களில், எதிர்பார்க்கக்கூடிய வாக்கியங்களில் எழுதினால் அது எந்திரம் என்பது அந்தக் கருவிகளின் கணக்கு. கடன் வாங்கிய மொழியில் தட்டுத்தடுமாறி எழுதுகிறவனின் ஆங்கிலம் அப்படித்தானே இருக்கும்? பொறுப்பின் பெயரால் முதலில் பிடிபட்டவன் விளிம்பிலிருந்து வந்தவன்.

அதே ஆண்டு ஜனவரியில் 'டைம்' இதழ் வேறொரு விஷயத்தை வெளிக்கொண்டுவந்தது. சாட்ஜிபிடி அருவருப்பாகப் பேசாமல் இருப்பதற்காக, வன்முறையும் பாலியல் கொடுமையும் நிரம்பிய வாசகங்களை நாள் முழுக்கப் படித்து அடையாளமிடும் வேலை கென்யத் தொழிலாளர்களுக்குத் தரப்பட்டிருந்தது. கூலி மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு. எந்திரத்தின் எழுத்தை உண்மையிலேயே உட்கார்ந்து படித்த மனிதர்கள் இவர்கள். எந்த ஆய்விதழின் நன்றியுரையிலும் இவர்கள் இல்லை. 'பொறுப்பான பயன்பாடு' பற்றிய விதிகளிலும் இவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

உடைமைக்கு வருவோம். 2024 மே மாதத்தில், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், ரூட்லெட்ஜ் ஆகியவற்றின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, மைக்ரோசாஃப்ட்டுடன் ஓர் ஒப்பந்தம் போட்டதாகப் பங்குச் சந்தைக்கு அறிவித்தது. தன்னிடமுள்ள ஆய்வு எழுத்துகளை எந்திரத்தைப் பயிற்றுவிக்கக் கொடுப்பது. ஆரம்பத் தொகை ஒரு கோடி டாலர். தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று எழுதியவர்கள் கொதித்தார்கள். வைலியும் அதே ஆண்டு இதேபோன்ற விற்பனையில் 2.3 கோடி டாலர் பெற்றதாகச் சொன்னது. தான் எழுதிய ஒரு பத்தியில் எந்திரத்தைத் தொட்டிருந்தால் ஆய்வாளர் அதை ஒப்புக்கொண்டு அறிவிக்க வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்க எழுதியதை எந்திரத்துக்கு இரை போட்ட நிறுவனமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. பொறுப்பு எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே மட்டும்தான். பிரதிக்கான தண்டனை உனக்கு, பிரதியின் விலை எனக்கு.

நம் வரிப்பணமும் இதே பாதையில்தான் போகிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் இந்திய அரசு 6000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களை மூன்றாண்டுகளுக்கு நம் கல்வி நிறுவனங்கள் படிப்பதற்காக. படிக்கக் கிடைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கும் அரசு, எங்கள் ஆய்வாளர்கள் எழுதியதை அவர்களைக் கேட்காமல் எந்திரத்துக்கு விற்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போடலாமே என்று கேட்கும் குரல் இங்கே எழவே இல்லை.

5

நம் வீட்டுக்குள்ளும் வருவோம். ஊரார் அழுக்கை மட்டும் துவைத்துக்கொண்டிருந்தால் அது விமர்சனமாகாது.

சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் தோழி ஒருவர் தன் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை. சரளமான நடை. நான்காம் பக்கத்தில் ஒரு மேற்கோள், அடியில் 'புறநானூறு, 437' என்றிருந்தது. புறநானூறு மொத்தமே நானூறு பாட்டு; அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் வகுப்பு தோழர். நாக் குழு வருதுன்னு அந்த ஃபைல் வேற. ரெண்டு கட்டுரை காட்டணும்னு சொல்லிட்டாங்க. நான் எப்பத்தான் புறநானூறப் பிரிக்கிறது?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானே யோக்கியன் இல்லை. இதழொன்று கேட்ட ஆங்கில ஆய்வுச் சுருக்கத்தை எந்திரத்தை வைத்துத்தான் செய்தேன். அது 'திணை'யை வெறும் நிலக்காட்சியாக்கி, முதல், கரு, உரி என்ற மூன்றில் உரியை அப்படியே விழுங்கியிருந்தது. கண்ணில் பட்டதால் திருத்தினேன். படாமல் போனவை எத்தனையோ.

மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, மொழி, மானுடவியல் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். எதைச் சொன்னாய் என்பதற்கல்ல, எத்தனை என்பதற்கு. அதே ஆண்டு வந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. அதற்கு மேல் போனால் படிப்படியாகத் தண்டனை. திருட்டைக்கூட விழுக்காட்டில் அளக்கிற இந்த அமைப்புக்கு எந்திர எழுத்து மிக வசதி. ஒவ்வொரு வாக்கியமும் புதிது, எங்கிருந்தும் நகலெடுக்கப்பட்டதல்ல. 'புறநானூறு 437' எந்த மென்பொருளிலும் சிக்காது. ஏனென்றால் அப்படி ஒரு பாட்டே இல்லை; இல்லாததோடு ஒப்புமை எப்படி வரும்? அதைப் பிடிக்கப் புறநானூறு படித்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் இந்த அமைப்பில் மதிப்பெண்ணே கிடையாது.

இங்கே உ.வே.சா.வின் 1894 புறநானூற்றுப் பதிப்பை நினைத்துக்கொள்வது பொருந்தும். நானூறில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. சிதைந்த இடங்களில் புள்ளிகள் அச்சாயின. ஏடு கொடுத்தவர்களின் பெயர்களைத் தம் முகவுரைகளில் பதிவுசெய்யும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அந்தப் பட்டியல்களில் மடங்களும் மேல்சாதி வீடுகளுமே நிறைந்திருப்பதையும், யாருடைய அறிவு ஏடாகவே ஆகவில்லை என்பதையும் நாம் கேட்டே ஆக வேண்டும். அது தனி விவாதம். ஆனால் தெரியாத இடத்தைத் தெரியாது என்று காலியாக விடுகிற அந்த ஒழுங்கு இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் பொறுப்பு. சங்கச் செய்யுள் நடை கைவந்த ஒருவருக்கு இரண்டு பாட்டு இட்டுக்கட்டுவது பெரிய வேலையா? செய்யவில்லை. அதனால்தான் மற்ற பாட்டுகளை நாம் நம்புகிறோம்.

மொழி எந்திரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது இடைவெளியைக் கண்டால் நிரப்பும். நிரப்பியதற்கும் தெரிந்ததற்கும் குரலில் வித்தியாசம் இருக்காது. இல்லாத பாட்டையும் இருக்கிற பாட்டையும் ஒரே நம்பிக்கையோடு சொல்லும். பொய் சொல்கிறது என்று சொல்ல முடியாது. பொய் சொல்வதற்கு உண்மை எது என்ற கவலை வேண்டும். அந்தக் கவலை மனிதரிடம்தான் இருந்தாக வேண்டும்.

6

அப்படியானால் எந்திரத்தைத் தொடாதே என்பதா? இல்லை. ஆங்கிலம் என்கிற வாசற்கதவு நாம் கட்டியதல்ல. அதைத் தாண்டுவதற்கு ஒரு தலித் ஆய்வு மாணவி எந்திரத்தின் உதவியை நாடினால், அதை ஒழுக்கக் கேடு என்று சொல்லும் அருகதை, பணம் கொடுத்து ஆங்கிலத்தைச் செப்பனிட்டுக்கொள்ளும் வசதி படைத்தவர்களுக்குக் கிடையாது. மொழியைக் கடக்க உதவி பெறுவது வேறு. சான்றை அதனிடம் கேட்டு வாங்குவது வேறு. கோடு அங்கேதான் கிழிக்கப்பட வேண்டும்.

நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் அங்கிருந்து பிறக்கின்றன. எந்திரம் எங்கே பயன்பட்டது என்பதை எழுதுபவர் சொல்லட்டும். அப்படிச் சொன்னதற்காகவே அவரைத் தண்டிக்காத சூழல் இருக்கட்டும். ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலில் தன் கண்ணால் பார்த்திருக்கட்டும். மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையை எந்திரத்திடம் கொடுக்கக்கூடாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தங்கள் நிதி விண்ணப்ப மதிப்பீட்டாளர்களுக்கு 2023 ஜூனிலேயே இந்தத் தடையை விதித்துவிட்டன. கண்டுபிடிப்புக் கருவிகளின் தீர்ப்பை மட்டும் வைத்து யாருடைய பட்டத்தையும் வேலையையும் தொடக்கூடாது. பதிப்பகம், எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் எழுத்தை எந்திரத்துக்கு விற்கக்கூடாது. விற்றால் கணக்குக் காட்ட வேண்டும். கட்டுரைக்குப் பத்து மதிப்பெண் என்கிற முறை ஒழிய வேண்டும். கடைசியாகச் சொன்னது நடக்காதவரை முன்னால் சொன்னவை எல்லாம் தோழியைப் போன்றவர்களின் தலையில் ஏற்றும் இன்னொரு சுமையாகவே முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் அந்தக் கட்டுரையை அனுப்பவில்லை. விடுமுறையில் புறநானூற்றைப் பிரித்து உட்கார்ந்து, அதே தலைப்பில் பாதி நீளத்துக்கு ஒன்று எழுதினார். குடபுலவியனார் பாண்டியனுக்கு நீர்நிலை பெருக்கச் சொல்லும் பதினெட்டாம் பாட்டைப் பற்றி மட்டும். நன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் 'இதற்கு எனக்குப் பொருள் விளங்கவில்லை' என்று எழுதியிருந்தார். அதை எடுத்துவிடச் சொல்லித் துறைத்தலைவர் கேட்டிருக்கிறார். எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். கல்லூரி இன்னும் இரண்டாவது கட்டுரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.